பொய்க்கதைகளா இவை?

"பொய்க்கதை வாசித்துக் காலத்தை வீணாக்காதே." நம்மில் பலர் வீட்டில் கேட்டுப் பழகிய வசனம் இது. இந்த வருடம் முதலாம் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்த அன்று எங்கள் வீட்டிலும் அது ஒலித்தது. புவியியலில் நான் எதிர்பார்த்ததை விட மிகக் குறைந்த புள்ளிகள். போதாததற்கு, என் புத்தகப் பைக்குள் இருந்து பாடக் குறிப்புகளோடு சேர்ந்து ஒரு மந்திரவாதியின் கதைப்புத்தகமும் வெளியே வந்து விழுந்தது. உம்மா சத்தம் போடவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் வீடு நயினாதீவில் இருக்கிறது. பாடசாலை நாட்களில் நான் யாழ்ப்பாணத்தில் சாச்சி வீட்டில் தங்கிப் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி, பண்ணை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகில் வீடு சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் திரும்புவேன். போகவும் வரவும் ஆகும் நேரத்தில் ஒரு சிறு நாவலின் பாதியை வாசித்துவிடலாம். எனக்கு வாசிப்புப் பழக்கம் வந்தது இந்தப் பயணங்களில்தான். ஆனால் அது பயணத்தோடு நிற்காமல் படிக்கும் மேசைக்கும் வந்துவிட்டது. அது என் பிழை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து உம்மா ஒரு நிபந்தனையோடு அலுமாரியைத் திறந்தார். "நீ வாசிக்கிற கதையில என்ன இருக்குதெண்டு எனக்கு விளங்கப்படுத்து மகள். எனக்கு விளங்கினா வாசி." அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இஷாத் தொழுகைக்குப் பிறகு நான் ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்வேன். உம்மா கேள்வி கேட்பார். உம்மும்மா பாயில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இரவுகளில் நான் விளங்கப்படுத்தியதும், விளங்கப்படுத்தப் போய் நானே விளங்கிக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வகைக் கதைகள்

உம்மா கேட்ட முதற் கேள்வி, "மந்திரக் கதையும் விஞ்ஞானக் கதையும் ஒண்டுதானே?" என்பது. இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒன்றல்ல. பறக்கும் கம்பளமும் பேசும் பறவையும் வரும் உலகம் எப்படி இயங்குகிறது என்று மாயக் கற்பனைக் கதை நமக்கு நிரூபித்துக் காட்டுவதில்லை. "இப்படியும் ஓர் உலகம்" என்று சொல்லித் தொடங்கிவிடும். விஞ்ஞானப் புனைகதையோ இன்று நமக்குத் தெரிந்த அறிவை எடுத்து, அதை இன்னும் சில அடி முன்னே நடத்திப் பார்க்கும். "இது நடந்தால் மனிதர் என்ன ஆவார்கள்?" என்று கேட்கும்.

இரண்டாவது வகைக்குத் தமிழில் நல்ல உதாரணம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை இது. நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும் அதில் முக்கிய பாத்திரங்கள். பிள்ளை பெறுவதற்குக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்ற ஒரு நாட்டைச் சுஜாதா கற்பனை செய்தார். கதை நடப்பது 2020களில். அந்த வருடங்களுக்குள் நாமே வந்துவிட்டோம். கதையில் வந்த ஆட்சி வரவில்லை. ஆனால் மனிதரோடு உரையாடும் இயந்திரம் நம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. கதை முழுவதிலும் அதிகம் யோசிப்பதும் அதிகம் கருணை காட்டுவதும் அந்த இயந்திர நாய்தான். சிரித்துக்கொண்டே வாசித்தேன். முடிந்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் அல்ல என்று பட்டது.

தீவுகளின் மந்திரவாதி

அலுமாரிக்குள் பூட்டப்பட்ட புத்தகம் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். இதில் எனக்கு முதலில் பிடித்தது மந்திரம் அல்ல, வரைபடம். எர்த்ஸீ என்ற உலகத்தில் கண்டங்கள் கிடையாது. நூற்றுக்கணக்கான தீவுகளும் அவற்றுக்கிடையே கடலும் மட்டுமே. எங்கு போவதென்றாலும் படகு வேண்டும், காற்றின் திசை தெரிந்திருக்க வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களில் வீட்டுக்குப் போக முடியாமல் தவித்த எங்களுக்கு அந்த உலகத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

கெட் என்ற ஏழைச் சிறுவன் ஆடு மேய்ப்பவன். அவனுக்கு இயல்பிலேயே ஆற்றல் உண்டு. மந்திரக் கலை பயிலும் இடத்துக்குப் போகிறான். அங்கே சக மாணவனிடம் தன் திறமையைக் காட்டும் ஆணவத்தில் செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறான். அதன் விளைவாக ஒரு கரிய நிழல் உலகத்துக்குள் நுழைந்து அவனைத் துரத்துகிறது. தீவு தீவாக ஓடுகிறான். ஓடும்வரை நிழலின் பலம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் அவன் திரும்பி நின்று, நிழலைத் தானே தேடிப் படகில் போகிறான். எதிரே நின்று அதற்குப் பெயர் சொல்லி அழைக்கிறான். அந்தப் பெயர் அவனுடைய சொந்தப் பெயர்தான்.

இதைச் சொல்லி முடித்தபோது உம்மா கேட்டார்: "சிஹ்ர் ஹராம் எண்டு தெரியும்தானே மகள்? பிறகேன் மந்திரவாதிட கதை?" இது நியாயமான கேள்வி. பல பெற்றோரின் மனத்திலும் இருக்கக் கூடியது. நான் சொன்ன பதில் இதுதான்: இந்தக் கதை யாருக்கும் மந்திரம் கற்றுக் கொடுப்பதில்லை, கற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோர் இடத்தில் வறட்சி வரலாம், ஆகவே ஆற்றல் உள்ளவன் அதை அடக்கி வைக்கப் பழக வேண்டும் என்றுதான் அதில் வரும் ஆசான்கள் சொல்கிறார்கள். நல்ல தண்ணீருக்குக் கஷ்டப்படும் ஒரு தீவில் இருந்து வாசிக்கும்போது அது மந்திரமாகப் படவில்லை, புத்திமதியாகத்தான் பட்டது. எங்கள் ஆசிரியை ஒருவரிடமும் இதைக் கேட்டேன். "கதையைக் கதையாக வாசி, நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதே" என்றார். அந்த எல்லை எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் உம்மாவுக்குச் சொன்னேன். கற்பனைக் கதை நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல. அந்தலூசிய முஸ்லிம் அறிஞரும் மருத்துவருமான இப்னு துபைல் 12ஆம் நூற்றாண்டில் 'ஹய் இப்னு யக்ளான்' என்ற கதையை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு அருகே, இந்தியத் தீவுகளுள் ஒன்றில் தன்னந்தனியாக ஒரு குழந்தை வளர்கிறது. ஒரு பெண்மான் பாலூட்டுகிறது. மான் இறந்தபோது, அதன் உடலை விட்டுப் போனது எது என்று அந்தப் பிள்ளை தேடத் தொடங்குகிறான். நெருப்பைக் கண்டறிகிறான், நட்சத்திரங்களைப் பார்க்கிறான், யாரும் சொல்லிக் கொடுக்காமல் சிந்தித்துச் சிந்தித்தே படைத்தவனை உணர்கிறான். இது 1671இல் லத்தீனிலும் 1708இல் நேரடியாக அரபியிலிருந்து ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நாம் எல்லாரும் சிறுவயதில் கேட்ட ரொபின்சன் குரூசோவின் தீவுக்கதை அச்சானது 1719இல்தான். இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் தோழியர் இப்னு துபைலின் பெயரை மனனம் செய்வதோடு நின்றுவிடாமல் அந்தக் கதையையும் தேடி வாசிக்க வேண்டும்.

சுல்தானாவின் கனவு

உம்மாவுக்கு அதிகம் பிடித்த கதை இது. எழுதியவர் பேகம் ருகையா சகாவத் ஹுசைன். இன்றைய பங்களாதேஷில் ரங்பூர் மாவட்டத்தில் 1880இல் பிறந்தவர். பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வங்காள மொழியும் கற்பிக்க விரும்பாத குடும்பம். இரவில் வீட்டார் உறங்கிய பின் காக்காதான் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அப்படிக் கற்ற ஆங்கிலத்தில் தன் 25ஆவது வயதில் 'சுல்தானாஸ் ட்ரீம்' என்ற சிறுகதையை எழுதினார். அது 1905இல் முதன்முதலாக அச்சானது நமக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து வெளிவந்த 'தி இந்தியன் லேடீஸ் மாகசின்' என்ற பெண்கள் சஞ்சிகையில்.

சுல்தானா கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றில் உள்ளோர் மேகத்திலிருந்து நேரடியாக நீர் எடுக்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறார்கள். மற்றதில் உள்ளோர் சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறார்கள். சமையலறையில் புகையும் இல்லை, கரியும் இல்லை, வெயிலில்தான் சமையல். பயணம் ஆகாய வண்டியில். எதிரிப் படை வந்தபோது சேமித்த வெப்பத்தையே அவர்கள் மேல் திருப்பி விரட்டிவிடுகிறார்கள்.

உம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "ஆம்பிளையள வீட்டுக்குள்ள பூட்டி வைக்கிறதும் அநியாயம்தானே?" என்றார். உண்மை. நானும் வாசித்தபோது அங்கே தடுமாறினேன். ஆனால் அப்படிப் புரட்டிப் போட்டதால்தானே நமக்கு அது அநியாயம் என்று உடனே தெரிகிறது? வழக்கமாக நடப்பதில் நம் கண்ணுக்குப் படாத ஒன்று, தலைகீழாக வரும்போது பட்டுவிடுகிறது. கற்பனைக் கதை செய்யும் முக்கியமான வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்று எங்கள் தீவுகளில் இருப்போருக்கு அந்த வெயில் அடுப்பு கனவாகவே தெரியாது. டீசல் இயந்திரங்களின் மின்சாரத்தை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு, இந்திய அரசின் நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ருகையா எழுதி 119 வருடங்களுக்குப் பிறகு. அவர் கனவோடு நின்றவரும் அல்ல. கணவர் இறந்த 1909ஆம் ஆண்டிலேயே பாகல்பூரில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். முதலில் 5 மாணவிகள். 1911இல் அதைக் கல்கத்தாவுக்கு மாற்றினார். அந்தப் பாடசாலை இன்றும் இயங்குகிறது. ஒரு முஸ்லிம் மகளிர் கல்லூரியில் இருந்து இதை எழுதும் எனக்கு, அந்த 5 பேர்தான் கதையில் வரும் ஆகாய வண்டியை விடப் பெரிய அதிசயம்.

மலையிலிருந்து வானுக்கு

ஆர்தர் சி. கிளார்க் இங்கிலாந்தில் பிறந்தவர். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார். பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும் செய்மதிகளை வைத்து உலகம் முழுவதும் தொடர்பாடலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர் இவர். அந்த உயரம் கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர். எங்கள் வீட்டுக் கூரையில் உள்ள தொலைக்காட்சி டிஷ் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். புவியியலில் குறைந்த புள்ளி வாங்கிய நான் இதை விளக்கியபோது உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அவரது 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவல் 1979இல் வந்தது. பூமியிலிருந்து அந்த உயரத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதுதான் கதை. அதைக் கட்டுவதற்குப் பொருத்தமான ஒரே மலை, தப்ரபேன் என்ற தீவில் இருக்கிறது. தப்ரபேன் வேறொன்றுமில்லை, இலங்கைதான். மின்தூக்கி நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கிளார்க் நம் நாட்டை ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்துவிட்டார். மலையும் நமக்குத் தெரிந்ததுதான். நாம் பாவா ஆதம் மலை என்றும் மற்றவர்கள் சிவனொளிபாதம், ஸ்ரீ பாத என்றும் சொல்லும் மலை.

மலை உச்சியில் காலங்காலமாக இருக்கும் பிக்குமார் இடத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். ஒரு பழைய ஐதீகம் நிறைவேறியதாகக் கண்டு பின்னர் தாமே வெளியேறுகிறார்கள். கோபுரம் எழுகிறது. நான் கோபுரத்தின் கதையை மிக ஆர்வமாகச் சொல்லிக்கொண்டு போனேன். உம்மா இடையில் நிறுத்தினார். "போன ஆக்கள் எங்க போய் இருந்தவங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. முந்நூறு பக்கத்துக்கு மேல் வாசித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை. உம்மாவுக்கு ஏன் தோன்றியது என்பதை அடுத்த வெள்ளிக்கிழமைதான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

451

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953இல் வெளியானது. தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை என்று சொல்லித் தலைப்பிலேயே கதை தொடங்கிவிடுகிறது. அந்த நாட்டில் தீயணைப்புப் படையினரின் வேலை தீயை அணைப்பது அல்ல. புத்தகம் உள்ள வீடுகளைக் கொளுத்துவது. மொன்டாக் என்ற படைவீரனிடம் கிளாரிஸ் என்ற பெண் ஒருநாள், நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்கிறாள். அந்தச் சாதாரணக் கேள்வியில் அவனுடைய வாழ்க்கையே ஆட்டங் காண்கிறது. கிளாரிஸுக்கும் என் வயதுதான். கடைசியில் மொன்டாக் நகரத்தை விட்டுத் தப்பிப் போய்ச் சில மனிதரைச் சந்திக்கிறான். அவர்களிடம் புத்தகங்கள் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நல்ல காலம் வரும்போது திரும்பச் சொல்வதற்காக.

யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தக் கதையை வாசிப்பவருக்கு இது எதிர்காலக் கதையாக இருக்க முடியாது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. கவிஞர் எம்.ஏ. நுஃமான் அதைப் பற்றி எழுதிய 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை நம்மில் பலர் படித்திருப்போம். அதுவும் ஒரு கனவாகத்தான் வருகிறது. கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்பட்டு நூலகப் படியில் கிடக்கிறார். அப்படி ஒன்று நடக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடந்ததன் பாரத்தை அந்தக் கனவு சொல்வது போல வெறும் தகவல் சொல்லுமா?

நான் இதைச் சொல்லி முடித்தபோது உம்மா வெகுநேரம் பேசவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்கு 8 வயது. பாடசாலைப் பையையும் கொண்டுபோக முடியவில்லையாம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தார். அங்கே சாதாரண தரம் வரை படித்தார். அதற்கு மேல் வீட்டு நிலைமை விடவில்லை. என் புள்ளிகளைப் பார்த்து உம்மா ஏன் சத்தம் போடாமல் அலுமாரியைப் பூட்டினார் என்பது அன்றிரவுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கிடைத்திருப்பது உம்மாவுக்குக் கிடைக்காத வகுப்பு.

பிறகு உம்மா உம்மும்மாவின் பக்கம் கையைக் காட்டி, "கொட்டில்ல எங்களிட்ட ஒரு புத்தகமும் இருக்கேல்ல. இவங்கதான் இருந்தாங்க" என்றார். மழை ஒழுகும் இரவுகளில் உம்மும்மா சிந்துபாத் கடலோடியின் கதையைச் சொல்வாராம். சிந்துபாத் செரந்தீபுக்கு வரும் இடத்தில், "அது எங்கட நாடுதான்" என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாராம். அரசகுமாரி நூறு கேள்வி கேட்கும் 'நூறு மசலா'விலிருந்து விடுகதை போடுவாராம். விடை தெரியும்வரை அழுகிற பிள்ளையும் அழுகையை மறந்துவிடுமாம். உம்மும்மா அவற்றை எந்தப் புத்தகத்திலும் வாசித்தவர் அல்ல. தன் உம்மாவிடம் கேட்டது. எங்கள் வீட்டுக்குள்ளேயே பிராட்பரியின் மனிதர் ஒருவர் பாயில் சாய்ந்திருக்கிறார் என்பதை அறிய எனக்கு 17 வருடம் பிடித்தது.

தோழியருக்கும் பெற்றோருக்கும்

தோழியரே, எல்லாக் கற்பனைக் கதையும் நல்லதென்று நான் சொல்லவில்லை. வெறும் சண்டையும் பயங்கரமும் மட்டுமே உள்ளவற்றையும் வாசித்தேன், மறந்துவிட்டேன். நல்ல கதைக்கு ஓர் அடையாளம் உண்டு. அதை மூடிய பிறகு நம் சொந்த ஊரையும் வீட்டையும் வேறு கண்ணால் பார்ப்போம். தொடங்க விரும்புவோர் 'என் இனிய இயந்திரா'வில் தொடங்கலாம். ஆங்கிலத்தில் முயல விரும்புவோருக்குச் 'சுல்தானாஸ் ட்ரீம்' மிகச் சிறியது. ஒரு பின்னேரத்தில் முடியும்.

ஆனால் நேரத்தைப் பங்கிட வேண்டும். இப்போது என் கதைப்புத்தகங்களுக்கு பஸ்ஸும் படகும் வெள்ளி இரவும் மட்டுமே. மேசையில் பாடம்தான். இரண்டாம் தவணையில் புவியியல் புள்ளி உயர்ந்தது. இன்னும் உயர வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் இப்படியொரு புத்தகத்தைக் கண்டால் பறிக்கும் முன் "இதில என்ன இருக்குது?" என்று ஒருமுறை கேளுங்கள். விளக்கத் தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை சரியாக வாசிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். விளக்கினால் நீங்களும் ஒரு கதை கேட்பீர்கள். உங்கள் கேள்வியில் பிள்ளையும் ஒன்று படிக்கும். மலையை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று உம்மா கேட்டிருக்காவிட்டால் நான் அந்த நாவலை வாசித்து முடித்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அலுமாரித் திறப்பு இப்போதும் உம்மாவிடம்தான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை என்னைக் கேட்காமலே திறந்து, எர்த்ஸீயின் வரைபடத்தை உம்மும்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.